முப்பத்தோரு கிலோமீட்டர்

திட்டத்தில் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு.
திட்டம் போட்டவள் நான்தான்.
கட்டம் கட்டமாய், டீ குடிக்க நிற்பது உட்பட,
ஆளுக்கொரு நிறம் கொடுத்து.

கோப்லென்ஸ் வாடகைக் கொட்டகையில்
சாவி கைக்கு வரவே மதியம் இரண்டு.
நல்ல தண்ணீர் இங்கே,
கழுவிய தண்ணீர் அங்கே.
மூன்றாவது தண்ணீருக்கு அந்தப் பெண் பெயர் சொல்லவில்லை;
ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினாள்.
சக்கரம், கைப்பிடி எல்லாம் உண்டு,
விமானத்துக்கே எடுத்துப் போகலாம்.
யார் கொட்டுவது என்ற கேள்வி வருமுன்
ஐந்து பேரும் கூரையைப் பார்த்தோம்.

உயரம் மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர்
என்று முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது.
பிரமநாயகம் அதை
பரீட்சைக்குப் படிப்பதுபோல மூன்று முறை படித்தான்.

முதல் ரவுண்டானாவில்
பூட்ட மறந்த அலமாரி வாய் திறந்து
ஐந்து தட்டு, ஒரு வாணலி, நாச்சம்மையின் பருப்புப்பொடி
அத்தனையும் துப்பியது.
யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.
அதற்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

வலப்பக்கம், வலப்பக்கம் என்று
சொல்லிக்கொண்டே வந்தான் ஜேசுரத்தினம்.
ஓட்டியவனும் அவன்தான்.

மொசெல் நதி கூடவே வந்தது.
வந்த வழியே திரும்பிவிடலாமா என்று
வளைவுக்கு வளைவு யோசிக்கிற நதி.
செங்குத்துச் சரிவெல்லாம் திராட்சைக்கொடி,
வகிடு வகிடாய் வாரிவிட்டது போல.
பாருங்கள் என்றேன்.
அவர்கள் பார்த்தது எதிரே.
ரயில் பாலம்,
அதன் நெற்றியில் சிவப்பு வட்டம்,
வட்டத்துக்குள் 2.8.

நின்றோம். பின்னால் ஒன்பது கார் நின்றது.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
அடித்திருந்தால் தேவலை,
திருப்பித் திட்டவாவது தெரியும் நமக்கு.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள்
வீட்டை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்ததில்லை.

மைதீன் இறங்கினான்.
வரவில்லை வரவில்லை என்று நாலு தரம் சொல்லி
டிக்கெட் போட்டபின் வந்தவன்,
காலையிலிருந்து வாயே திறக்காதவன்,
பின்னால் போய் நின்று
வண்டியின் வெள்ளை முதுகில்
உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான்.

வரலாம் வரலாம் வரலாம்...
லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி,
டேய் அது சோத்தாங்கைப் பக்கம்டா,
நேர் பண்ணு, வரட்டும் வரட்டும்...
ஹோல்டான்!

படிக்கிற காலத்தில்
மினிபஸ்ஸில் டிக்கெட் கிழித்த குரல்.
முப்பது வருடம் அதை
எங்கே மடித்து வைத்திருந்தானோ.

ஒன்பது கார்களுக்கும் அந்தத் தமிழ் புரிந்தது.
மாடி ஜன்னலில் செடிக்கு நீர் விட்டவள்
பூவாளியை வைத்துவிட்டுத்
தானும் கை காட்டத் தொடங்கினாள்:
இடம் இருக்கு, இன்னும் இருக்கு.
ஒரு மழைநீர்க் குழாய் மட்டும்
எங்கள் பக்கக் கண்ணாடியைக் கிள்ளிப் பார்த்தது.

போலாம் ரைட், என்று ஏறினான்.
ஏறியவனின் முகம் இறங்கியவனுடையது அல்ல.

ஹாட்ஸென்போர்ட்டில் இருட்டியது. அங்கேயே நிறுத்தினோம்.
மின்கம்பம் ஐம்பது சென்ட் நாணயம் கேட்டது;
எல்லோரிடமும் அட்டை இருந்தது.
நூறு லிட்டர் தொட்டியில்
பிரமநாயகம் குளித்துவிட்டு வந்தபோது மிச்சம் பதினெட்டு.
நாச்சம்மை ஒன்றும் சொல்லாமல்
தட்டுகளைத் துடைத்தே அடுக்கினாள்,
நிறைந்து ஓடும் நதியைப் பார்த்தபடி.

ஓட்டுநர் தலைக்கு மேலே என் படுக்கை.
மூக்குக்கும் கூரைக்கும் ஒரு சாண்.
கைக்குட்டையளவு ஜன்னலில்
சரக்குப் படகு ஒன்று மெல்ல நகர்ந்தது.
அதன் கடைசியில் ஒரு வீடு, திரை போட்ட ஜன்னல்,
கொடியில் ஒரு குழந்தைச் சட்டை,
மொட்டைமாடியில் ஒரு நீலக் கார்.
அவர்களுக்கு வீட்டுமேல் கார்,
நமக்குக் காருக்குள் வீடு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கீழே குறட்டை இரண்டு சுருதியில்.

போனைத் திறந்து
இருநூற்றுப் பன்னிரண்டை அழித்து
முப்பத்தொன்று என்று போட்டேன்.
நாளைக் காலைக் கட்டத்தில் ஒரே வரி:
மூன்றாவது தண்ணீர்.
நிறம் இன்னும் கொடுக்கவில்லை.